பெயர் எழுதாத ரத்தம்

சிவப்பு அந்த இடத்தில் விழுந்திருக்கக் கூடாது. டாக்டர் எமிமாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள், சிவப்பு அங்கேயேதான் இருந்தது. திரை முழுக்க ரத்தத்தின் படங்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவில், வெளிறிய ரோஜா நிறத்தில் வட்டவட்டமாய்ச் சிவப்பணுக்கள், நடுநடுவே ஊதா மை சொட்டியதுபோல் வெள்ளையணுக்கள். ரத்தப் படங்களைத் தானே படித்துப் பார்க்கிற மிஷினுக்கு நோய்ப்பட்ட செல் என்று தோன்றினால் அதன்மேல் தணல் மாதிரி ஒரு சிவப்பு மூட்டம் போடும், இதைத்தான் பார்த்தேன், இதை வைத்துத்தான் சொல்கிறேன் என்று விரல் வைத்துக் காட்டுவதுபோல. லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் ஸ்லைடுகளில் போடட்டும், போடத்தான் வேண்டும், அதற்குத்தான் இரண்டு வருஷமாய் இந்தப் பாடு. ஆனால் இது அந்த அடுக்கு இல்லை. இது நல்ல உடம்புக்காரர்களின் அடுக்கு. நோயை மட்டும் காட்டி மிஷினைச் சோதித்தால் போதாது, நோயில்லாததையும் காட்ட வேண்டும் என்று போன வியாழக்கிழமை இந்த லேபில் இருப்பவர்களே விரலில் குத்தி ஆளுக்கொன்றும் இரண்டுமாய்ச் செய்த ஸ்லைடுகள். அதில் ஏழாம் நம்பர். யாருடையது என்று அதில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்பது ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு போட்ட நிபந்தனை, ஊழியர் ரத்தம் என்றால் பெயர் கூடாது, நம்பர் மட்டும், அதையும் கலைத்துவிட்டு ஒட்டுங்கள். டெக்னீசியன் மைதீன்தான் ட்ரேயில் மாற்றி மாற்றி வைத்துக் கலைத்தான். “இனிமே யாருது எதுன்னு எனக்கே தெரியாது மேடம்” என்று சிரித்தான்.

மிஷினுக்குத் தப்பு வரும், வராமல் இருக்குமா. தப்பு வந்திருக்கிறது. சாயம் கெட்டியாக ஏறிய செல்லைப் பார்த்துக் கத்தியிருக்கிறது, ஸ்லைடின் ஓரத்தில் இருந்த தூசியைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் சிவப்பு கலங்கலாகப் பரவும், சந்தேகப்படுகிறவன் கை நடுங்குவதுபோல. இது அப்படிப் பரவவில்லை. ஒரே செல்லின் மேல், அதிலும் அந்தச் செல்லின் ஒரு பக்கத்தில், நிலையாக நின்றது. அவள் எங்கே பார்ப்பாளோ அங்கே. இந்த மிஷினுக்குப் பாடம் படித்துக் கொடுத்தது அவள்தான், ஆயிரம் ஆயிரமாய்ச் செல்களைத் திரையில் ஒவ்வொன்றாய்த் தொட்டு இது நோய், இது இல்லை, இது நோய் என்று குறித்துக்கொண்டே இருந்தாள், வீட்டில் கண்ணை மூடினால்கூட ஊதா வட்டங்கள் மிதக்கிற அளவுக்கு. எதைப் பார்த்து அப்படிச் சொன்னாள் என்று அவளாலேயே சொல்ல முடியாத இடங்களிலும் மிஷின் அவள் பார்வையை எடுத்துக்கொண்டது. இப்போது அது அவள் கண்ணோடு, அவள் இல்லாமல், பார்த்துக்கொண்டிருந்தது. அவள் போனை எடுத்து மூன்றாம் மாடிக்குப் போட்டாள். லோகேஸ்வரன் அங்கேதான் இருப்பான், மிஷினைச் செய்த கம்பெனியின் என்ஜினீயர், ஈரோட்டுக்காரன், மாதக்கணக்காக அங்கே கம்ப்யூட்டர்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்.

“சொல்லுங்க மேடம்.”

“நல்ல உடம்புக்காரங்க அடுக்குல ஏழாம் நம்பர் பாத்தியாப்பா?”

“காலையிலயே பாத்தனுங்க. அது பொய் எச்சரிக்கைங்க மேடம். சாயம் மாறுச்சுன்னா மிஷின் இப்படித்தான் பயந்துக்கும். எடுத்துப் போட்டறட்டுங்களா?”

“எதை?”

“அந்தப் படத்தைத்தானுங்க. அது ஒண்ணுனால நம்ம மிஷினோட மார்க் குறையுது.”

“இரு. நான் கண்ணால பாத்துட்டுச் சொல்லுதேன்.”

“சரிங்க மேடம். சாப்டுட்டே பாருங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க.”

எடுத்துப் போட்டறட்டுங்களா. அவன் குரலில் காய்கறியில் ஒரு சொத்தையைத் தள்ளுவதுபோல் இருந்தது, எவ்வளவு எளிது, ஒரு பட்டன், ஏழாம் நம்பர் இல்லை, ஆறுக்கு அடுத்து எட்டு. அவள் ட்ரேயிலிருந்து ஏழாம் நம்பரை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கினாள். முதலில் எல்லாம் சாதாரணமாய்த்தான் இருந்தது. நல்ல ரத்தம். பார்க்கப் பார்க்க நிம்மதியாகக்கூட இருந்தது, சிவப்பணுக்கள் கோலப்புள்ளி மாதிரி, எங்கேயோ ஒரு வெள்ளையணு, கொஞ்சம் குறைச்சல்தான், பரவாயில்லை, எத்தனையோ பேருக்குக் குறைச்சல். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டும் குறைச்சல். வளர்ந்துகொண்டே போன அந்தக் குறைச்சலை மனசில் ஓரமாய்த் தள்ளிக்கொண்டே மிஷின் சொன்ன மூலைக்கு ஸ்லைடை நகர்த்தினாள். அங்கே அது இருந்தது. பெரிய செல், நடுவில் மடிந்து இரண்டாய்த் தெரிகிற உட்கரு, வயிறு முழுக்கக் கருஞ்சிவப்புக் குறுமணிகள், அதற்குள்ளே ஊசி ஊசியாய்க் கம்பிகள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கட்டு, காட்டில் பொறுக்கிய சுள்ளியைச் சேர்த்துக் கட்டி வைத்ததுபோல. சாயத்தில் அது வராது. காய்ச்சலில் வராது, கர்ப்பத்தில் வராது, ரத்தசோகையில் வராது. ஒரே ஒரு நோயில் மட்டும்தான் வரும். அவள் கண்ணை எடுத்தாள். மறுபடி வைத்தாள். கண்ணை எடுத்த நேரத்தில் அது அங்கிருந்து போயிருக்கலாம் என்று யாரோ சின்னக் குரலில் சொன்னதுபோல் இருந்தது. போகவில்லை.

அந்த நோயை அவளுக்குத் தெரியும். லுகேமியாவில் அது ஒரு தனி ரகம். மற்றவை ஆளை மெலிய வைத்துப் படுக்க வைத்துச் சொல்லிக்கொண்டு வரும், இது நடமாடிக்கொண்டிருப்பவனுக்குள் சத்தமில்லாமல் இருக்கும், பிறகு ஒரு நாள் ரத்தம் உறைய மறந்துவிடும், ஈறில், மூக்கில், கடைசியில் மூளையில். நேரத்தில் கண்டுபிடித்து அதற்குரிய மாத்திரையைக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள், லுகேமியாக்களிலேயே நன்றாகக் குணமாகக்கூடியதும் இதுதான். நேரம், நேரம்தான் எல்லாம். அந்த நாதஸ்வரக்காரர் ஞாபகத்துக்கு வந்தார், எந்த வருஷம் என்று தெரியவில்லை, முகம் மட்டும் தெரிந்தது, வாயில் வைத்து ஊதுகிற சீவாளி கிழித்து ரத்தம் வருகிறது என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம், தானே நடந்து வந்தார், நெற்றியில் திருநீறு கலையாமல், பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்து ஆளோடு ராகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை கட்டில் காலி, மெத்தை உறை மாற்றியிருந்தார்கள். எப்படி அவ்வளவு சீக்கிரம். இப்போது ஏன் அவர். லென்ஸுக்குக் கீழே இருக்கிற இந்தச் செல் வியாழக்கிழமையே செத்துப்போனது, கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்து சாயத்தில் ஊறி அப்படியே நின்றுவிட்டது. ஆனால் அதன் கூடப்பிறந்தவை யாரோ ஒருவர் உடம்பில் இந்த நிமிஷமும் ஒன்று இரண்டாய், இரண்டு நாலாய்ப் பிரிந்துகொண்டிருக்கின்றன. அடுத்த அறையில் சாப்பாட்டு டப்பாக்களைத் திறக்கிற சத்தம் கேட்டது.

“டாக்டரம்மா, வரலியா? சொதி ஆறிப்போவுது” என்று இசக்கியம்மாள் கூப்பிட்டாள். லேபில் எல்லாருக்கும் மூத்த டெக்னீசியன், குரல் மட்டும் முன்னால் வந்து நிற்கும், ஆள் பின்னால்தான் வருவாள். எமிமாள் எழுந்து போனாள். மேஜையைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள், தினமும் இருப்பதுபோலத்தான். இசக்கியம்மாள், மைதீன், பயிற்சி டாக்டர் மிருணாளினி, ஏழு மாச வயிற்றோடு நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தாள், தரை துடைக்கும் சுடலைவடிவு ஜன்னலோரம் தன் தூக்குச் சட்டியோடு. நான்கு பேர். அவளோடு ஐந்து. அந்த வியாழக்கிழமை குத்திக்கொண்டவர்கள் இவர்கள்தான். இவர்களில் ஒருவர். சோற்றைப் பிசைகிற இந்தக் கைகளில் ஒரு கை. அவளுக்குச் சட்டென்று குளிர்ந்தது, அறையில் ஆறாவதாக ஒன்று வந்து உட்கார்ந்திருப்பதுபோல, ஆனால் அது தனியாக உட்காரவில்லை, ஒருவர் உடம்பையே நாற்காலியாக்கி உட்கார்ந்திருந்தது.

“என்னம்மா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள் சுடலைவடிவு.

“ஒண்ணுமில்ல. கண்ணு வலிக்கி.”

“எப்பப் பாத்தாலும் அந்த டிவியவே பாத்தா வலிக்கத்தான் செய்யும்.” இசக்கியம்மாள் அவள் தட்டில் சொதியை ஊற்றினாள். “நேத்து ராத்திரி துருவித் துருவித் தேங்காப்பால் எடுத்தேன், தோளு விட்டுப்போச்சு. முன்ன மாதிரி இல்ல டாக்டரம்மா, ஒரு மாசமா ஒரே அசதி.”

அசதி. எமிமாளின் கை தட்டில் நின்றது. ஒரு மாசமா. இசக்கியம்மாளின் கீழிமையைப் பார்த்தாள், வெளுத்திருக்கிறதா, ஜன்னல் வெளிச்சமா. அப்போது மைதீன் சிரித்தான், அவன் தாடையில் சவரக் காயம், பஞ்சு ஒட்டியிருந்தது, காலையில் சிரைத்தது இன்னும் நிற்கவில்லையா, ஏன் நிற்கவில்லை. சுடலைவடிவு சட்டியைத் தூக்கியபோது முழங்கைக்கு மேல் ஒரு நீலத் திட்டு, வாளி இடித்திருக்கும், வாளி இடிக்கும், தினமும் இடிக்கும், ஆனால் இடித்ததுதானா. மிருணாளினி தண்ணீரைக் கொப்பளித்துவிட்டு, “பல்லு தேய்ச்சாலே ரத்தம் வருது மேடம், கர்ப்பத்துல அப்படித்தான்னு சொல்றாங்க” என்றாள், யாரும் கேட்காமலே, எமிமாள் கேட்டதுபோல. பார்க்கப் பார்க்க எல்லாருக்கும் இருந்தது. யார் பக்கம் கண்ணைத் திருப்பினாளோ அவர் முகம் மெல்ல வெளுத்தது, திருப்பினால் அடுத்தவர் முகம். மிஷினும் இப்படித்தான் பார்க்குமோ, முகம் இல்லாமல், பெயர் இல்லாமல், ஒவ்வொன்றாய்த் தொட்டுத் தொட்டு, இது இல்லை, இது இல்லை, இது. மேலப்பாளையத்தில் மாட்டுவண்டியே போகாத சந்தில் தன் மாமா கார் வாங்கிய கதையை மைதீன் சொல்லிக்கொண்டிருந்தான், எல்லாரும் சிரித்தார்கள், எமிமாளும் சிரித்தாள், சிரிக்கும்போதே இந்தச் சிரிப்பில் ஒன்று இன்னும் கொஞ்ச நாளில் கேட்காது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. கை கழுவப் போகிறேன் என்று எழுந்துகொண்டாள்.

கழிவறைக் கண்ணாடியில் அவள் முகம் இருந்தது. அதை அவள் மறந்தே போயிருந்தாள். நான்கு பேரை அத்தனை நேரம் பார்த்தவள் ஐந்தாவதைப் பார்க்கவில்லை. உதட்டைப் பிதுக்கி ஈறைப் பார்த்தாள், ரோஜா நிறம், வெளிறிய ரோஜா, எது வெளிறல் எது நிறம் என்று வேறு யார் ஈறாக இருந்தாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். ஜாக்கெட் கையைச் சுருட்டினாள். இடது கையில், உட்புறத்தில், மஞ்சளும் பச்சையுமாய் ஒரு கன்றல். எப்போது இடித்தோம். பீரோக் கதவா, பஸ் கம்பியா, சர்ச்சில் பெஞ்சு முனையா. பஸ்ஸில் போனது சனிக்கிழமை, சனிக்கிழமை என்றால் நிறம் இப்படி மாறியிருக்குமா, மாறியிருக்கும், மாறியிருக்காது. குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர் சத்தம் தலைக்குள் ஓடுவதுபோல் இருந்தது, எல்லா உடம்பிலும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் கேட்காமல், நம்மைக் கேட்காமல். நமக்கென்று நாம் வைத்திருக்கிற பெயர் நம் ரத்தத்துக்குத் தெரியுமா. தெரியாது. கண்ணாடித் துண்டில் தேய்த்துவிட்டால் எமிமாளும் இல்லை சுடலைவடிவும் இல்லை, ஒரு நம்பர்கூட நாம் ஒட்டியதுதான். இரண்டு வருஷமாய் எத்தனை பேருக்கு நோய் நோய் என்று குறித்தோம், அந்தப் படங்களில் ஒன்றுக்கும் முகம் கிடையாது, கை வலிக்கிறது, டீ வேண்டும், அடுத்தது என்று குறித்தோம். அவர்களெல்லாம் இப்போது சேர்ந்து ஒரே கண்ணாகி அவளைப் பார்க்கிறார்களோ. சீ. படித்தவள், ஐம்பது தாண்டியவள், குழாயடியில் நின்று என்ன நினைப்பு இது. எடுத்துப் போட்டறட்டுங்களா. எடுத்துப் போடு என்று சொன்னால் என்ன. தெரியாமல் இருந்தால், தெரியாத வரைக்கும், ஐந்து பேரும் ஐந்து பேராகவே இருப்பார்கள். தெரிந்த நொடியில் நாலு பேரும் ஒருத்தரும் ஆகிவிடுவார்கள். அந்த ஒருத்தர் நானாக இருந்தால். டெல்லியில் இருக்கிற மகளுக்கு எப்படிச் சொல்வது, யார் சொல்வது. அவள் தண்ணீரை முகத்தில் அடித்தாள். திருநீறு கலையாத நெற்றி ஒன்று பெஞ்சில் உட்கார்ந்து ராகம் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது, யாராவது அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனால் தேவலை, நேரமாகிறது, எழுப்புங்களேன். குழாயை இறுக்கி மூடிவிட்டு வெளியே வந்தாள்.

“எல்லாரும் கையைக் கழுவிட்டு வாங்க. ரத்தம் எடுக்கணும்.”

“யாருக்கு மேடம்?” என்றான் மைதீன்.

“நமக்கு.”

இசக்கியம்மாள்தான் முதலில் டப்பாவை மூடினாள், மூடி சரியாக விழாமல் இரண்டு தடவை அழுத்தினாள். எமிமாள் சொன்னாள், சுற்றி வளைக்காமல், ஏழாம் நம்பரில் என்ன இருக்கிறது, மிஷின் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன், இந்த நோய் இருக்கிறவருக்கு இன்றைக்கே மருந்து தொடங்கினால் பயமில்லை, நாளைக்கு என்று தள்ளினால் பயம் உண்டு. சொல்லச் சொல்ல ஒவ்வொருவர் கையும் அவரவர் உடம்பில் எங்கோ போனது, மைதீன் தாடைக்கு, சுடலைவடிவு முழங்கைக்கு, மிருணாளினி வயிற்றுக்கு. மிருணாளினி அழவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “என்னுதை முதல்ல பாருங்க மேடம்” என்றாள். விரலில் குத்தினால் போதாது, குழாயில் எடு, எண்ணுகிற மிஷினிலும் போடு, ஸ்லைடும் போடு என்று எமிமாள் மைதீனிடம் சொன்னாள். இந்தத் தடவை ஸ்லைடின் ஓரத்தில் அவளே பென்சிலால் பெயர் எழுதினாள். மைதீன் மற்றவர்களுக்கு எடுத்தான், அவனுக்கு இசக்கியம்மாள் எடுத்தாள், கடைசியில் எமிமாள் கையை நீட்டியபோது அவன் கன்றலைப் பார்த்தான், பார்க்காததுபோல் ரப்பரைக் கட்டினான். “கையை இறுக்கி மூடுங்க மேடம்.” ஊசி ஏறியது தெரியவே இல்லை. குழாயில் ரத்தம் ஏறுவதை அவள் பார்த்தாள், கறுப்பாக இருந்தது, எல்லார் ரத்தமும் குழாயில் அப்படித்தான் இருக்கும், முப்பது வருஷமாய்ப் பார்க்கிற கறுப்பு, ஆனாலும் தனக்குள்ளே இவ்வளவு கறுப்பு இருந்ததா என்று தோன்றியது.

எண்ணுகிற மிஷின் கரகரவென்று காகிதத்தைத் துப்பியது. மிருணாளினிக்குப் பிளேட்லெட் குறைவு. எமிமாளுக்குக் காதில் ஒரு ரீங்காரம் எழுந்தது. கர்ப்பத்தில் குறையும், நிறையப் பேருக்குக் குறையும், பிள்ளை பிறந்ததும் சரியாகிவிடும், அதைத் தானே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், இருந்தாலும் ஸ்லைடு காய்கிற வரைக்கும், சாயம் ஏறுகிற வரைக்கும், தண்ணீரில் அலசுகிற வரைக்கும் அந்தச் சொற்கள் எதுவும் உதவவில்லை. மிருணாளினி பின்னால் நின்று மூச்சு விடுவது கழுத்தில் பட்டது. பகுதி பகுதியாய் ஸ்லைடை நகர்த்திப் பார்த்தாள், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். நல்ல செல்கள். பிள்ளைத்தாய்ச்சியின் ரத்தம், வேறொன்றுமில்லை. “ஒண்ணும் இல்லம்மா” என்றாள், மிருணாளினி அப்போதுதான் அழுதாள். இசக்கியம்மாளுக்கு இல்லை, ரத்தசோகை மட்டும், இரும்புச்சத்து மாத்திரை போதும். மைதீனுக்கு இல்லை. சுடலைவடிவுக்கு இல்லை. மீதி ஒன்று. ஓரத்தில் தன் கையெழுத்தில் தன் பெயர், அதை லென்ஸின் கீழே வைத்துவிட்டு எமிமாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பார்த்தால் தெரிந்துவிடும். அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. யாரோ தோளில் கை வைத்தார்கள், சுடலைவடிவு. “பாருங்கம்மா” என்றாள். பார்த்தாள். எங்கேயும் அந்தப் பெரிய செல் இல்லை, சுள்ளிக்கட்டு இல்லை, பிளேட்லெட் கொத்துக் கொத்தாய்ச் சிந்திக் கிடந்தது. கண்ணில் நீர் வந்து படம் கலங்கியது. இல்லை. யாருக்கும் இல்லை. மைதீன் கையைத் தட்டினான், இசக்கியம்மாள் ஏதோ சாமி பெயரைச் சொன்னாள், கொஞ்ச நேரம் அறை முழுக்க ஒரே பேச்சு. பிறகு எல்லாருடைய கண்ணும் ஒவ்வொன்றாய் ட்ரேக்குத் திரும்பியது. ஏழாம் நம்பர் அங்கேயேதான் கிடந்தது, மெல்லிய ஊதாத் தீற்றலோடு.

“அப்போ அது யாருது?” என்றாள் இசக்கியம்மாள்.

யாருடையதும் இல்லாத ரத்தம் என்று ஒன்று இருக்க முடியாது. குழாயிலிருந்து வராது, காற்றிலிருந்து வராது. ஆனாலும் அந்த நொடியில் எமிமாளுக்கு அது யாருமில்லாமலேயே வந்ததுபோல, இந்த அறையே ஒரு விரலை நீட்டிச் சொட்டுக் கொடுத்ததுபோல் இருந்தது. மைதீன் ட்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேடம். அன்னைக்குக் கேமராவை மாட்ட அந்த ஈரோட்டு சார் கீழ வந்தாரு. நீங்க போன் பேச வெளிய போயிருந்தீங்க. கடைசியா ஒரு கண்ணாடி மிஞ்சிச்சு. ‘என்னுதையும் போடுங்கண்ணா, நம்ம மிஷின் நம்மளை என்ன சொல்லுதுன்னு பாப்போம்’னு வெளையாட்டா விரலை நீட்டினாரு.”

லிப்ட் எங்கேயோ மேலே நின்றது. அவள் படியில் ஏறினாள், சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சாப்டுட்டே பாருங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க. காலையிலயே பாத்தனுங்க. தன்னுடைய செல்லைத் தானே பார்த்து, பொய் என்று சொல்லி, தள்ளிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு ஞாபகமே வரவில்லை. எப்படி வரும். நோய் மற்றவர்களுடைய படங்களில் இருப்பது, அவளுக்கும் இன்று மத்தியானம் வரை அப்படித்தானே. அவள் சரி, எடுத்துப் போடு என்று சொல்லியிருந்தால். ஒரு சொல். நாக்கு நுனி வரைக்கும் வந்த சொல். படிகள் முடியவே இல்லை, ஒரு திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்படிச் சொல்வது என்று யோசிக்க நேரம் வேண்டியிருந்தது, ஆனால் அந்த நேரத்தைத்தான் எடுக்கக் கூடாது. மறுபடி ஏறினாள்.

அவன் நாற்காலியில் சாய்ந்து, முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கி வைத்திருந்தான். கையில் டிஷ்யூ உருண்டை. மேஜையில் இன்னும் நாலைந்து உருண்டைகள், எல்லாம் சிவப்பு.

“சில்லுமூக்கு உடைஞ்சிருச்சுங்க மேடம்” என்றான், மூக்கடைத்த குரலில். “ஏசிக் காத்துதானுங்க. நேத்திருந்து விட்டு விட்டு வருது. ஏழாம் நம்பர் பாத்தீங்களா? சாயந்தானுங்களே?”

“தலையை முன்னால குனி. மூக்கை இறுக்கிப் பிடி.” அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவன் முழங்கால் தட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தாள். “சாயம் இல்லப்பா. மிஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு.”

“அட!” அவன் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் வந்தது, மூக்கைப் பிடித்த கைக்கு மேலே கண்கள் விரிந்தன. “நீங்க எல்லாரும் பாத்தும் தெரியாததை அது கண்டுபிடிச்சிருச்சுங்களா? யாருதுங்க மேடம்?”

அவள் அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். பின்னால் கம்ப்யூட்டர்களின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது, திரையில் ஏழாம் நம்பர் திறந்தே கிடந்தது, சிவப்பு நிலையாக நின்றது. அவன் அவள் கண்ணைத் தொடர்ந்து திரும்பிப் பார்த்தான், பிறகு அவளை, பிறகு கையிலிருந்த டிஷ்யூவை. சந்தோஷம் முகத்தில் அப்படியே இருந்தது, எடுத்து வைக்க மறந்துபோன பொருள் மாதிரி, உள்ளே இருந்த ஆள் மட்டும் போய்விட்டான்.

“வியாழக்கிழமை,” என்றான்.

“ஆமா.”

“என்னுதுங்களா?”

“ஆமாப்பா.”

“நான் அதை எடுத்துப் போடறேன்னு சொன்னனுங்களே மேடம்.”

“எடுக்கலியே. இரு, பேசாத, ரத்தம் வருது.” அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், நாடி பட்சி மாதிரி அடித்தது. “நான் சொல்லுததை மட்டும் கேளு. இந்த ரகத்துக்கு மாத்திரை இருக்கு. இப்ப கீழ போறோம், வார்டுல படுக்குற, சோதிக்க எலும்பு மஜ்ஜை எடுப்பாங்க, ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்க மாட்டோம், மாத்திரையை இப்பவே தொடங்கிருவோம். பிளேட்லெட் ஏத்துவோம். நடக்காத. வீல்சேர் வருது.”

“செத்துருவேனுங்களா?”

“நேத்து வந்திருந்தா நல்லதுன்னு சொல்லியிருப்பேன். நாளைக்கு வந்திருந்தா பயந்திருப்பேன். இன்னைக்கு வந்திருக்க” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான், புரிந்தோ புரியாமலோ. “அம்மாவுக்கு இப்பச் சொல்ல வேண்டாமுங்க.”

“சொல்லணும். நம்பரைக் கொடு, நான் பேசுதேன்.”

வீல்சேரில் அவனைத் தள்ளிக்கொண்டு போனது மைதீன்தான். மருந்துக் கிடங்கில் அந்த மாத்திரை இருந்தது, எப்போதும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வைத்திருந்தார் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவின் தலைவர். முதல் மாத்திரையை அவன் விழுங்கியபோது எமிமாள் கட்டிலருகில் நின்றாள், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். வெளியே வந்து ஈரோட்டுக்குப் போன் போட்டு, ஒரு அம்மாவிடம் தான் யாரென்று சொல்லத் தொடங்கினாள். அவன் பிழைத்துக்கொண்டான், வார்டில் பல வாரம் கிடந்து, உடம்பெல்லாம் வீங்கி, ஒரு தடவை மூச்சுக்குத் திணறி, கடைசியில் தானே நடந்து வீட்டுக்குப் போனான். ஆனால் அது பின்னால் நடந்தது. அந்த மாலையில் அது யாருக்கும் தெரியாது.

எமிமாள் லேபுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. மைதீன் வார்டிலேயே இருந்துவிட்டான், மற்ற மூன்று பேரும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரை கொடுத்தாச்சு என்று சொன்னாள், சரி என்றார்கள். பைகள் எல்லாம் தோளில் மாட்டியபடிதான் இருந்தன, யாரும் எழுந்திருக்கவில்லை. மேஜையில் அவர்களுடைய ஸ்லைடுகள் வரிசையாய்க் காய்ந்துகொண்டிருந்தன, பெயர் பெயராய், யாரும் தன்னுடையதை எடுக்கவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை. அவள் தன்னுடையதை எடுத்து ஜன்னல் பக்கம் உயர்த்திப் பிடித்தாள். கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் ஒரு மெல்லிய படலம், அதன் வழியாக வெளியே ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள், எல்லாரும் ஊதா நிறத்தில். இன்றைக்கு இல்லை என்று அது சொன்னது. அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.